எச்ஐவியும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும்: மாத்திரை வரிசையில் கேட்ட கேள்விகள்

ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் ஏஆர்டி மையத்தில் (எச்ஐவிக்கான மாத்திரை கொடுக்கும் இடம்) 11 ஆண்டு ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அங்கே வரும் பெண்கள் தங்கள் முறை வந்ததும் எதையும் கேட்க மாட்டார்கள். மாத்திரை டப்பாவைப் பைக்குள் போட்டு, மேலே ஒரு துண்டை வைத்து மூடி, வாசல் வரை போய்விட்டு, அப்புறம் திரும்பி வந்து "சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். அப்படித் திரும்பி வந்து கேட்டவைதான் இங்கே இருப்பவை. ஒரே சந்தேகத்தை நூறு பேர் கேட்டதால், எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எச்ஐவி கிருமி முத்திப்போனா கேன்சரா மாறிடுமா சிஸ்டர்?

மாறாது. எச்ஐவி ஒரு நோய்க்கிருமி, புற்றுநோய் நம் உடம்பின் செல்களே கட்டுப்பாடு இழந்து வளர்வது. ஒன்று இன்னொன்றாக மாறுவதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வேறொரு கிருமி. எச்ஐவி செய்வது அந்த எச்பிவிக்கு வழி விடுவது. எப்படி என்று கீழே நான்காவது கேள்வியில் சொல்கிறேன்.

எச்ஐவி, எச்பிவி ரெண்டும் ஒண்ணுதானே? பேரு ஒரே மாதிரி இருக்கே.

இந்தப் பெயர் குழப்பத்தால் வீடுகளில் சண்டையே நடந்திருக்கிறது. எச்ஐவி இல்லாத ஒரு பெண்ணுக்கு எச்பிவி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததும், அவர் கணவர் அதை எச்ஐவி என்று படித்துவிட்டு மாமியார் வீட்டையே கூட்டிவந்து எங்கள் மையத்தில் நின்றார். இரண்டும் வேறு வேறு கிருமிகள். எச்ஐவி ரத்தத்தில் இருந்துகொண்டு நோய் எதிர்ப்பு அணுக்களை அழிக்கும். எச்பிவி ரத்தத்துக்குள் போவதே இல்லை. தோலிலும், வாய், பிறப்புறுப்பு போன்ற இடங்களின் மெல்லிய தோலிலும் தங்கும். அதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் வரும் சாதாரண மருவும் அதில் ஒரு வகைதான். புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியவை ஒரு டஜன் சொச்சம். அவற்றிலும் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள்தான் உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம்.

ஒரு வேடிக்கை: 2008-இல் மருத்துவ நோபல் பரிசை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பாதி, எச்பிவிதான் இந்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று காட்டிய ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு. மீதிப் பாதி, எச்ஐவியைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர்கள் ஃபிரான்சுவாஸ் பாரே-சினுசி, லூக் மொந்தாஞ்ஞே இருவருக்கும். இரண்டு கிருமிகளும் ஒரே மேடையில் ஏறின. நாம்தான் ஒன்றுக்குத் தனி மையம் வைத்து, இன்னொன்றை மறந்துவிட்டோம்.

எனக்கு என் வீட்டுக்காரரைத் தவிர யாரையும் தெரியாது. எச்பிவி எப்படி வந்திருக்கும்?

அவரிடமிருந்து வந்திருக்கும். அவருக்கு அது திருமணத்துக்கு முன்பே, பல ஆண்டுகள் முன்பே வந்திருக்கலாம். ஆண்களுக்கு இது பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. தாம்பத்திய உறவில் இருக்கும் ஆண், பெண் யாரை எடுத்துக்கொண்டாலும், பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது எச்பிவி தொற்றியிருக்கும். சளி பிடித்துப் போவது மாதிரி, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதனால் இதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் எடை போட முடியாது. உங்களுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆணுறை ஓரளவு காக்கும், முழுக்க இல்லை. ஆணுறை மூடாத தோலிலும் இந்தக் கிருமி இருக்கும்.

அப்போ எச்ஐவி என்னதான் பண்ணுது?

கர்ப்பப்பையைத் தலைகீழாகத் தொங்கும் ஒரு பேரிக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே குறுகி, பிறப்புறுப்புப் பாதைக்குள் எட்டிப் பார்க்கும் நுனிதான் கர்ப்பப்பை வாய். அதன் வெளிப்பக்கத் தோல் நம் கன்னத்தின் உட்புறம் போல அடுக்கடுக்காகத் தடித்தது. உள்பக்கத் தோல் ஒரே அடுக்கு, மெல்லியது, சிவந்தது. இரண்டும் சேரும் இடம் ஒரு தையல் மாதிரி. அந்த இடத்துச் செல்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். எச்பிவிக்குப் பிடித்த இடம் அதுதான். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாக அடியாழத்துச் செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும் பெண்ணின் உடம்பு, பத்தில் ஒன்பது முறை இரண்டு வருடத்துக்குள் அதைத் துடைத்துவிடும். அந்தத் துடைக்கும் வேலையை முன்னின்று நடத்துவது சிடி4 அணுக்கள். உங்கள் பச்சைப் புத்தகத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதினோமே, அதே சிடி4. எச்ஐவி தேடிப்பிடித்து அழிப்பதும் அவற்றைத்தான். சிடி4 குறைந்த உடம்பில் எச்பிவி கிளம்பாமல் தங்கிவிடுகிறது. ஒன்றுக்கு நாலு வகையாகவும் சேர்ந்து தங்குகிறது. தங்கிய எச்பிவி இரண்டு புரதங்களை உண்டாக்கும். ஈ6, ஈ7 என்று பெயர். செல் கன்னாபின்னாவென்று பெருகாமல் தடுக்க நம் செல்லுக்குள் இரண்டு காவல் புரதங்கள் உண்டு. ஈ6 ஒன்றைத் தீர்த்துக்கட்டும், ஈ7 இன்னொன்றை முடக்கும். அப்புறம் அந்தச் செல்லைக் கேட்க ஆளில்லை.

இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. எச்ஐவி இல்லாத பெண்ணுக்கு, எச்பிவி தங்கியதிலிருந்து புற்றுநோய் ஆவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். எதிர்ப்புச் சக்தி குறைந்து, சிகிச்சையும் எடுக்காத பெண்ணுக்கு அது 5 முதல் 10 வருடமாகச் சுருங்கிவிடலாம். சுருங்கினாலும் வருடக்கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். கண்டுபிடிக்க அவகாசம் கொடுக்கும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை. இது கொடுக்கிறது.

பட்ட காலிலே படும்னு சொல்வாங்க. எச்ஐவி இருந்தா கட்டாயம் இதுவும் வருமா?

கட்டாயம் எல்லாம் இல்லை. எச்ஐவி உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிடச் சுமார் 6 மடங்கு அதிகம் என்பது பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. 6 மடங்கு என்றதும் ஆறு பேரில் ஒருவருக்கு வரும் என்று நினைத்து ஒருவர் அழுதுவிட்டார். அப்படிப் பொருள் இல்லை. எச்ஐவி உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு இந்தப் புற்றுநோய் வரவே வராது. ஆனால் தள்ளிப்போடும் வசதி மற்றவர்களுக்கு இருப்பதைவிட உங்களுக்குக் குறைவு. 6 மடங்கு என்பதை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1993-லேயே, எச்ஐவி உள்ள பெண்ணுக்கு ஊடுருவிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் (முந்தைய நிலையைத் தாண்டியது) வந்தால் அதை எய்ட்ஸ் நிலையாகக் கணக்கிட வேண்டும் என்று பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கம் போனால் இந்தத் தொடர்பு இன்னும் பளிச்சென்று தெரியும். எஸ்வாட்டினி என்ற சிறு நாட்டில் இந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு எச்ஐவி இருந்தது. தென்னாப்பிரிக்காவில் பாதிக்கும் மேல். இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே 2022-இல் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாக மதிப்பீடு. அதில் மிகப் பெரும்பாலோருக்கு எச்ஐவி கிடையாது. ஆகவே உங்கள் அக்காவுக்கும் நாத்தனாருக்கும் எச்ஐவி இல்லை என்பதால் அவர்களுக்குப் பரிசோதனை வேண்டாம் என்று ஆகாது.

பதினஞ்சு வருஷமா இங்க வர்றேன். இப்பத்தான் இதைச் சொல்றீங்களே?

நியாயமான கோபம். இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அப்போதும், அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், மருந்து வாங்கப் பணம் இல்லாதவர்கள் காசநோயிலும் நிமோனியாவிலும் சீக்கிரமே போய்விட்டார்கள். புற்றுநோய் வளர்வதற்குத் தேவையான வருடங்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவச ஏஆர்டி தொடங்கியது. ஆள் பிழைத்தார்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். வயது கூடக்கூட இந்த நோய்க்கான வாய்ப்பும் கூடவே வந்தது.

ஆனால் அதற்காக எங்களை முழுக்க விட்டுவிட வேண்டாம். ஏஆர்டி மையத்தில் எடை பார்ப்போம், காசநோய் அறிகுறி கேட்போம், மாத்திரை எண்ணுவோம். மகப்பேறு ஓபி இருபதடி தள்ளி இருந்தும் பல ஆண்டுகள் ஒருவரையும் அங்கே கூட்டிப்போனதில்லை. நானும் அதில் சேர்த்தி.

மாத்திரை ஒருநாள்கூட விடலை. வைரல் லோடும் தெரியலைன்னு வந்துடுச்சு. இன்னும் டெஸ்ட் எதுக்கு?

முதலில், சபாஷ். ரத்தத்தில் எச்ஐவி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றுதான் அந்த ரிப்போர்ட்டுக்குப் பொருள். ஏஆர்டியை ஒழுங்காக எடுக்கும் பெண்களுக்கு எச்பிவி தங்குவதும் குறைகிறது, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் முற்றுவதும் குறைகிறது. சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம்.

ஆனாலும் வாய்ப்பு மற்ற பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுவதில்லை. காரணம் எளிது. மாத்திரை தொடங்குவதற்கு முன் உங்கள் சிடி4 எவ்வளவு நாள், எவ்வளவு கீழே கிடந்தது என்பது முக்கியம். நிறையப் பேர் சிடி4 நூறு, நூற்றைம்பதுக்கு வந்த பிறகுதான் எங்களிடமே வந்தார்கள். அந்த இடைவெளியில் எச்பிவி தன் வேலையைத் தொடங்கியிருக்கலாம். ஏஆர்டி எச்ஐவியை அடக்கும் மருந்து. எச்பிவியைக் கொல்லும் மருந்து இல்லை. எச்பிவியைக் கொல்லும் மாத்திரை இதுவரை எதுவுமே கிடையாது. வைரல் லோடு ரிப்போர்ட் கர்ப்பப்பை வாயைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே. கொஞ்சம் வெள்ளைப்படுது, அது உடம்பு சூடுதானே?

தொந்தரவு இல்லாதபோது பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனையின் பயனே. புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் வலி இருக்காது, ரத்தம் வராது, ஒன்றும் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் அந்த நிலையைத் தாண்டியிருக்கும்.

வெள்ளைப்படுதலுக்கு நம் ஊரில் முதல் வைத்தியம் இளநீர், அடுத்தது ஊறவைத்த வெந்தயம். குடியுங்கள், தப்பில்லை. ஆனால் நாற்றம் அடித்தாலோ, நீர் மாதிரி ஓயாமல் கசிந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ அதைச் சூடு என்று சொல்லி உட்கார்ந்திருக்கக் கூடாது. தாம்பத்திய உறவுக்குப் பிறகு ரத்தம் படுவது, ஒரு தூரத்துக்கும் அடுத்த தூரத்துக்கும் நடுவில் ரத்தம் படுவது, இவையும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது இன்னொன்று: மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆன பெண்மணி, "திரும்ப வயசுக்கு வந்துட்டேன் சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்வது. நின்றுபோன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

டெஸ்ட்ல என்ன பண்ணுவாங்க? ரொம்ப வலிக்குமா?

மேசையில் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். வாத்து மூக்கு மாதிரி ஒரு கருவியை உள்ளே வைத்து மெல்லத் திறப்பார்கள். அதுதான் ஸ்பெகுலம். கொஞ்சம் அழுத்தம் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை இறுக்கினால் சிரமம், வாயால் மூச்சு விட்டால் சுலபம். லைட்டை வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்த்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சால் தடவுவார்கள். சமையலறை வினிகரில் இருப்பதும் அதுதான், 3 முதல் 5 சதவீதம். லேசாக எரியலாம். அப்புறம் நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். அந்த ஒரு நிமிடத்தில், மாற்றம் அடைந்த செல்கள் இருக்கும் இடம் மட்டும் சாந்து பூசியது போல வெளுத்துத் தெரியும். இல்லாவிட்டால் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அவ்வளவுதான். விஐஏ என்று பெயர். ரிசல்ட் அங்கேயே தெரியும்.

இந்த வினிகர் பரிசோதனை ஏதோ ஏழைகளுக்கான ஒப்பேற்று வேலை என்று நினைக்க வேண்டாம். 2000-இல் தொடங்கி திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரே ஒரு முறை இந்தச் சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததிலேயே, இந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் அந்த முடிவு வெளியானபோது உலகம் முழுக்கப் பேசினார்கள். நம் ஊர்ப் பெண்கள் மேசையில் படுத்து நிரூபித்துக் கொடுத்தது அது.

இன்னும் இரண்டு வகை உண்டு. பாப் ஸ்மியர் என்றால் செல்களைத் தேய்த்தெடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட் என்றால் கிருமியையே தேடுவது. இப்போது உலக சுகாதார நிறுவனம் முதலிடம் கொடுப்பது டிஎன்ஏ டெஸ்டுக்கு. நழுவவிடுவது குறைவு, திரைக்குப் பின்னால் போய் நீங்களே பஞ்சுக் குச்சியில் எடுத்துக் கொடுக்கலாம் என்ற வசதியும் உண்டு. கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்கவில்லை என்று மற்றதையும் விட்டுவிடாதீர்கள்.

எந்த வயசுல ஆரம்பிக்கணும், எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது: மற்ற பெண்கள் 30 வயதில் தொடங்கலாம், எச்ஐவி உள்ளவர்கள் 25-லேயே தொடங்க வேண்டும். டிஎன்ஏ டெஸ்ட் என்றால் 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. வினிகர் சோதனை அல்லது பாப் ஸ்மியர் என்றால் 3 வருடத்துக்கு ஒருமுறை. சில டாக்டர்கள் வருடா வருடம் வரச் சொல்வார்கள். சொன்னால் போய்விடுங்கள், கெட்டுப்போவது ஒன்றுமில்லை. 50 வயதுக்குப் பிறகு, முறைப்படி எடுத்த இரண்டு சோதனைகளும் அடுத்தடுத்து நெகட்டிவாக இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். 50 தாண்டியும் ஒருமுறைகூட எடுக்காதவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

எங்க போகணும்? எச்ஐவி இருக்குன்னு அங்கேயும் சொல்லணுமா? கேவலமா பார்ப்பாங்களே.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தச் சோதனை இலவசம். தேனியிலும் தஞ்சாவூரிலும் சோதனை முயற்சியாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்தது. 30 ஆகவில்லை என்று திருப்பி அனுப்பினால், ஏஆர்டி டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

சொல்லாமலும் சோதனை செய்துகொள்ளலாம். ஆனால் பார்க்கும் டாக்டருக்கு மட்டும் சொல்வது உங்களுக்கு நல்லது. எத்தனை வருடத்தில் திரும்ப வர வேண்டும், எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதெல்லாம் அதைப் பொறுத்து மாறும். வரவேற்பில் இருப்பவருக்கோ வார்டு ஆயாவுக்கோ சொல்லத் தேவையில்லை. 2018 செப்டம்பர் முதல் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எச்ஐவியைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும், உங்கள் சம்மதம் இல்லாமல் அதை வெளியே சொல்வதும் சட்டப்படி கூடாது. சட்டம் இருக்கிறது என்றால் எல்லோரும் ஒழுங்காகிவிட்டார்கள் என்று இல்லை. ஒரு மருத்துவமனையில் எங்கள் பெண் ஒருவரைக் கடைசி ஆளாக உட்கார வைத்து, மதியம் இரண்டு மணிக்கு "கருவி சுத்தம் பண்ணணும், நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்குப் பிறகும் கருவியைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும், எச்ஐவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்படி யாராவது சொன்னால் ஏஆர்டி மையத்துக்கு வந்து சொல்லுங்கள், அல்லது 1097-க்கு போன் செய்யுங்கள். எய்ட்ஸ் உதவி எண், இலவசம்.

எச்பிவி பாசிட்டிவ்னு வந்துடுச்சு. ஏற்கெனவே ஒரு பாசிட்டிவ், இப்போ இன்னொண்ணா?

வார்த்தை ஒன்று, கனம் வேறு. எச்பிவி பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்கிறது என்று மட்டும் பொருள். புற்றுநோய் என்று பொருள் இல்லை. எச்ஐவி உள்ள பெண்களில் நிறையப் பேருக்கு அது பாசிட்டிவாகத்தான் வரும். அதனால் உங்களுக்கு உடனே சிகிச்சைக்குப் போகாமல், வினிகர் சோதனை, பாப் ஸ்மியர், கால்போஸ்கோப்பி, இவற்றில் ஏதாவது ஒன்றால் உறுதி செய்வார்கள். கால்போஸ்கோப்பி என்பது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது, சில சமயம் அரிசி அளவு சதை எடுத்து அனுப்புவது. அதில் ஒன்றும் இல்லை என்றால் 12 மாதம் கழித்துத் திரும்ப டிஎன்ஏ டெஸ்ட்.

மாற்றம் இருந்தால், அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம். சூடு வைத்தோ உறைய வைத்தோ அழிப்பார்கள், அல்லது மின்கம்பி வளையத்தால் சீவி எடுப்பார்கள். பெரும்பாலும் காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். கர்ப்பப்பை அப்படியே இருக்கும், பிறகு குழந்தை பெறவும் முடியும். இந்த நிலையில் பிடித்துவிட்டால் புற்றுநோய் என்ற வார்த்தையே உங்கள் ஃபைலில் ஏறாது.

அந்த இடத்தைச் சுட்டு எடுத்தாச்சு. இனிமே பயமில்லையே?

முழுசாக இல்லை என்று சொல்ல மாட்டேன். எச்ஐவி உள்ளவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கென்யாவில் எச்ஐவி உள்ள பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், உறைய வைத்த முறைக்குப் பிறகு இரண்டு வருடத்துக்குள் 30 சதவீதம் பேருக்கும், வளையத்தால் சீவிய முறைக்குப் பிறகு 19 சதவீதம் பேருக்கும் மாற்றம் திரும்பியது. அதனால் 12 மாதத்தில் ஒரு டெஸ்ட், அது நெகட்டிவ் என்றால் இன்னொரு 12 மாதத்தில் ஒன்று. இரண்டும் நெகட்டிவ் ஆன பிறகுதான் பழைய கணக்குக்குத் திரும்பலாம். சிகிச்சைக்கு வந்தவர்கள் இந்த இரண்டாவது, மூன்றாவது வருகைக்குத்தான் வராமல் போகிறார்கள்.

எனக்குக் கர்ப்பப்பையே எடுத்தாச்சு. எனக்கும் வேணுமா?

இதற்கு ஒரே பதில் இல்லை. எதற்காக எடுத்தார்கள், வாயையும் சேர்த்து எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. சில அறுவைச் சிகிச்சையில் கர்ப்பப்பை வாயை விட்டுவிடுவார்கள். அப்படியென்றால் உங்களுக்கு மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்து எடுத்திருந்தால், வாயும் போயிருந்தாலும், தைத்த இடத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். வெறும் கட்டிக்காக முழுதாக எடுத்திருந்தால் பெரும்பாலும் தேவைப்படாது. நம்மில் பலரிடம் டிஸ்சார்ஜ் சீட்டே இருக்காது. பீரோவில், பிள்ளைகளின் சர்ட்டிஃபிகேட்டுக்கு அடியில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஒருமுறை பரிசோதித்துப் பார்த்தாலே வாய் இருக்கிறதா இல்லையா என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

தடுப்பூசி இருக்காமே. எச்ஐவி இருக்கிற எனக்குப் போடலாமா? என் பொண்ணுக்கு?

போடலாம். அதில் உயிருள்ள கிருமி கிடையாது, எச்பிவியின் மேலோடு போன்ற புரதம் மட்டும்தான். ஆகவே எச்ஐவி உள்ளவர்களுக்கும் பாதுகாப்பானது. ஆனால் ஏற்கெனவே தொற்றிய கிருமியை ஊசி விரட்டாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள், தொற்றுவதற்கு முன்பே போடச் சொல்கிறார்கள். நாற்பது வயதில் உங்களுக்கு ஊசியைவிடப் பரிசோதனைதான் பயன்.

உங்கள் மகளுக்குக் கட்டாயம் போடுங்கள். எச்ஐவி இல்லாத சிறுமிக்கு ஒன்று அல்லது இரண்டு டோஸ் போதும். எச்ஐவி உள்ள சிறுமிக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. பள்ளியில் ஒரு டோஸ் போட்டுவிட்டு முடிந்தது என்று சொன்னால், எச்ஐவி உள்ள குழந்தைக்கு அது போதாது என்பதை நினைவில் வையுங்கள். வெளிநாட்டு ஊசிகளோடு, புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் என்ற இந்திய ஊசியும் 2023 முதல் கிடைக்கிறது. ஊசி போட்டவர்களும் வயது வந்ததும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எல்லா வகை எச்பிவிக்கும் ஊசி இல்லை.

நான் இப்போ மாசமா இருக்கேன்.

மாற்றம் இருந்தாலும் பிரசவம் வரை பொதுவாகச் சிகிச்சை செய்ய மாட்டார்கள், கண்காணிப்பார்கள். அவசரம் இல்லை என்றால் பிரசவம் ஆகி ஆறு வாரம் கழித்துக் குழந்தைக்கு ஊசி போட வரும் அன்றே உங்களுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். மாசமாக இருக்கும்போது ரத்தம் பட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

கேன்சர்னே சொல்லிட்டாங்க. கரண்ட் வைக்கணுமாம். ஏஆர்டியை நிறுத்திடவா?

நிறுத்தவே கூடாது. ஒருநாள்கூட. கதிர்வீச்சும் கீமோவும் எதிர்ப்பு அணுக்களைக் குறைக்கும். அந்த நேரத்தில் ஏஆர்டியும் இல்லை என்றால் எச்ஐவிக்குக் கொண்டாட்டம். எச்ஐவி இருந்தாலும் புற்றுநோய்க்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சிகிச்சைதான்: ஆரம்ப நிலை என்றால் அறுவை, முற்றிய நிலை என்றால் கதிர்வீச்சோடு கீமோ. எச்ஐவி என்பதால் குறைத்துக் கொடுப்பது சரியில்லை, கேள்வி கேளுங்கள்.

ஒன்றை மட்டும் இரண்டு பக்கத்து டாக்டர்களுக்கும் நீங்களே நினைவுபடுத்துங்கள். கீமோவில் பெரும்பாலும் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. உங்கள் ஏஆர்டி மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிரும் அப்படித்தான். இரண்டும் சேரும்போது கிரியாட்டினினை (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அடிக்கடி பார்க்க வேண்டும், சில சமயம் மாத்திரையை மாற்றுவார்கள். புற்றுநோய் டாக்டர் உங்கள் ஏஆர்டி புத்தகத்தைப் பார்க்காமலும், ஏஆர்டி டாக்டர் கீமோ சீட்டைப் பார்க்காமலும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எச்ஐவி எல்லாம் இல்லை. கர்ப்பப்பை வாய் கேன்சர்னு போனா எச்ஐவி டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்களே, என்னை என்ன நினைக்கிறாங்க?

ஒன்றும் நினைக்கவில்லை. ஐந்தாவது கேள்வியில் சொன்ன தொடர்புதான் காரணம். எச்ஐவி இருந்து தெரியாமல் இருந்தால், சிகிச்சையைத் தாங்கும் சக்தி குறையும். தெரிந்தால் மாத்திரை தொடங்கிவிடலாம். இந்தத் தொடர்பு எதிர்ப்பக்கமும் போகும்: எச்பிவி இருக்கும் பெண்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு கூடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் சம்மதம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். நம்பிக்கை மையத்தில் இலவசமாக எடுப்பார்கள், ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார்.

மேடம், என் சம்சாரத்துக்குப் பார்த்தாச்சு. எனக்கு எச்பிவி டெஸ்ட் உண்டா?

கேட்ட ஒரே ஆண் இவர், அதனால் சேர்த்தேன். ஆண்களுக்கு வழக்கமான எச்பிவி டெஸ்ட் என்று ஒன்று கிடையாது. மருவோ புண்ணோ இருந்தால் காட்டுங்கள். புகைபிடிக்கிறவர் என்றால் விட்டுவிடுங்கள். புகை இந்த நோயை மோசமாக்கும், வீட்டுக்குள் பிடித்தால் உங்கள் சம்சாரமும்தான் சுவாசிக்கிறார். அப்புறம், அவருக்கு டெஸ்ட் இருக்கும் நாளில் நீங்கள் சமைத்து வைத்தால் அவர் சீக்கிரம் கிளம்ப முடியும்.

வீட்டுக்காரர் போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. தனியாத்தான் இருக்கேன். எனக்கு எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்?

எங்கள் மையத்துக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள். இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்டேன். பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டாலே "இன்னும் உறவு இருக்கு போல" என்று ஊர் பேசும் என்ற பயம் இதற்குள் இருக்கிறது. நான்காவது பதிலில் சொன்ன வருடக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு தொற்றிய எச்பிவி சத்தமில்லாமல் தங்கியிருக்கவும், இப்போது தலைதூக்கவும் முடியும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்தத் தையல் இடம் உள்ளே ஏறிப்போவதால் வினிகர் சோதனையில் சரியாகத் தெரியாமல் போகலாம். டிஎன்ஏ டெஸ்ட் கேளுங்கள்.

இதைக் கேட்ட ஓர் அம்மாவுக்கு அன்றைக்குப் பதினொன்றரை பஸ். மாத்திரையைப் பைக்குள் வைத்துத் துண்டால் மூடியிருந்தார். மணி பத்தே முக்கால். "பஞ்சு வச்சு ஒரு நிமிஷம்தானே சொன்னீங்க?" என்றார். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றித் திரைக்கு வெளியே விட்டுப் போனார்.